இருபது சதவீதம் எங்கே இருக்கிறது?

2018 டிசம்பர் இறுதியில் இந்தியா, ஐ.நா.வின் பல்லுயிர் உடன்படிக்கைக்கான தனது ஆறாவது தேசிய அறிக்கையை அளித்தது. தானே வகுத்துக்கொண்ட 12 தேசிய இலக்குகளில் இரண்டைத் தாண்டிவிட்டதாகவும், எட்டில் சரியான வழியில் போய்க்கொண்டிருப்பதாகவும், எஞ்சிய இரண்டையும் 2020க்குள் எட்ட முயல்வதாகவும் அரசு அப்போது அறிவித்தது. நிலப்பரப்பில் 20 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்புக்குள் வந்துவிட்டது என்பது அந்த அறிக்கையின் பெருமிதமான கூற்றுகளில் ஒன்று. 2020 செப்டம்பரில் உடன்படிக்கையின் செயலகம் உலகக் கணக்கை வெளியிட்டது. நாடுகள் 2010இல் கூடி ஏற்ற 20 ஐச்சி இலக்குகளில் ஒன்றுகூட முழுமையாக நிறைவேறவில்லை. ஆறு மட்டுமே ஓரளவுக்கு எட்டப்பட்டிருந்தன.

இந்தியா விதிவிலக்கான நாடா, அல்லது இரண்டு அறிக்கைகளும் வேறு வேறு பொருள்களை அளந்தனவா? இரண்டாவது விடையே பொருத்தமாகத் தோன்றுகிறது. தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள் உள்ளிட்ட சட்டப்படியான பாதுகாக்கப்பட்ட பகுதிகள் நாட்டின் நிலத்தில் 5 சதவீதத்தைச் சற்றே தாண்டும். காப்புக்காடுகள் போன்ற பிற வகை நிலங்களையும் சேர்த்தால்தான் கணக்கு 20ஐத் தொடும். அப்படிச் சேர்ப்பது தவறு என்று உடனே சொல்லிவிட முடியாது. பூங்கா அல்லாத பல காடுகளிலும் உயிர்ச்செழிப்பு உண்டு. ஆனால் அதற்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது: இயற்கையைக் காக்க ஒரு நாடு இலக்கு வைக்கும்போது, எதை அளக்கிறது, யாருடைய பொறுப்பில் அளக்கிறது? இதற்கு இந்தியாவில் கிடைத்துள்ள விடைகளையும், அவை பிறந்த சூழலையும், இடறிய இடங்களையும் இக்கட்டுரை பார்க்கிறது.

எண்ணின் முன்கதை

சதவீதத்தால் இயற்கையை அளக்கும் பழக்கம் ஐ.நா.விடமிருந்து வந்ததல்ல. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு காடாக இருக்க வேண்டும் என்று 1952ஆம் ஆண்டு வனக்கொள்கையே சொன்னது. 1988ஆம் ஆண்டுக் கொள்கையும் அதே பங்கைத் தக்கவைத்தது. 33 என்ற எண் அன்று முதல் பள்ளிப் பாடப்புத்தகங்களிலும் அமைச்சர்களின் உரைகளிலும் நிலைபெற்றுவிட்டது. அந்தப் பங்கில் எந்த மரம் இருக்க வேண்டும், எந்த விலங்கு வாழ வேண்டும் என்பதைப் பற்றி எண்ணுக்குக் கவலை இல்லை. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு அறிக்கைப்படி வனப்பரப்பு 21.76 சதவீதம், மரப்பரப்பையும் சேர்த்தால் 25.17. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை 10 சதவீதம் இருந்தால், நிலம் யாருடையது, மரம் எது என்று பாராமல் அது வனப்பரப்பாகக் கொள்ளப்படும். எனவே தென்னந்தோப்பும் ரப்பர்த் தோட்டமும் சோலைக்காட்டோடு ஒரே பத்தியில் உட்கார முடிகிறது. செயற்கைக்கோள் படத்தைக் கொண்டு நாடு முழுவதையும் அளக்க இந்த வரையறை வசதியானது. அந்த வசதிக்கு விலையும் உண்டு.

1992இல் ரியோவில் கையெழுத்துக்கு வைக்கப்பட்ட பல்லுயிர் உடன்படிக்கை மூன்று நோக்கங்களை ஒன்றாகக் கட்டியது: காத்தல், வளம் குன்றாமல் பயன்படுத்தல், பயனை நியாயமாகப் பகிர்தல். மூன்றாவது, வளரும் நாடுகள் போராடிப் பெற்றது. இந்தியா 1994இல் இதில் இணைந்தது. ஒவ்வொரு நாடும் தேசியத் திட்டம் வகுக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் ஆறாவது பிரிவு. உலக அளவில் முதல் கெடு 2010. இழப்பின் வேகத்தைக் கணிசமாகக் குறைப்போம் என்ற அந்த உறுதி நிறைவேறவில்லை. அடுத்து ஐச்சி இலக்குகள். அவையும் தவறிய பின், 2022 டிசம்பரில் குன்மிங்–மாண்ட்ரியல் சட்டகம் 23 இலக்குகளோடு வந்தது. நிலம், நன்னீர், கடல் ஆகியவற்றில் 30 சதவீதத்தை 2030க்குள் காப்பது அவற்றில் அதிகம் பேசப்படுவது. இந்தியாவும் 2008இல் செயல்திட்டம், 2014இல் 12 இலக்குகள், 2024இல் கொலம்பியாவின் காலி நகர மாநாட்டில் 23 இலக்குகள் கொண்ட புதிய திட்டம் என்று ஒவ்வொரு சுற்றிலும் தன் பட்டியலைப் புதுப்பித்துவந்திருக்கிறது.

ஒரு கெடு தவறியதும் அடுத்த கெடு பெரிய எண்ணோடு வருவது இந்த வரலாற்றில் இரண்டு முறை நடந்துவிட்டது. இலக்கு தவறியதற்குக் காரணம் அது சிறியதாக இருந்ததுதானா என்று இடையில் நின்று கேட்ட குரல்கள் குறைவு.

வேலி போட்டுக் காத்தல்

மிகப் பழைய விடை: மனிதரை வெளியேற்று, எஞ்சியதைக் காவல் செய். 1878ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டமும் 1882ஆம் ஆண்டின் மதராஸ் வனச் சட்டமும் காப்புக்காடுகளை உருவாக்கியது முதன்மையாக மரத்துக்காக, அரசின் வருவாய்க்காக. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதே அமைப்பை விலங்குகளின் பக்கம் திருப்பியது. 1973இல் தொடங்கிய புலிகள் திட்டம் அதன் முகம்.

இந்த வழி பலன் தரவில்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2006இல் 1,411 என்று மதிப்பிடப்பட்ட புலிகள் 2022 மதிப்பீட்டில் 3,682 ஆயின. கணக்கெடுப்பின் பரப்பு விரிந்ததும் கேமராக்கள் பெருகியதும் இந்த உயர்வுக்கு ஓரளவு காரணம் எனலாம். அதைக் கழித்தாலும் மீட்சி உண்மை என்றே பெரும்பாலோர் ஏற்கிறார்கள். வேலியின் பலவீனம் வேறு இடங்களில் தெரிகிறது.

ஒன்று, அது காக்காத நிலம். கானமயிலை எடுத்துக்கொள்வோம். நூற்றைம்பதுக்கும் குறைவாக எஞ்சிவிட்ட அப்பறவை வாழ்வது காட்டில் அல்ல, ராஜஸ்தானின் புல்வெளிகளிலும் வறண்ட விளைநிலங்களிலும். புல்வெளிகளில் பெரும்பகுதி அரசுப் பதிவேட்டில் நெடுங்காலமாகத் 'தரிசு' என்ற தலைப்பில் கிடக்கிறது. அங்கே மரம் நட்டால் வனப்பரப்பு கூடும், கானமயில் குறையும். ஒரு இலக்கின் வெற்றியே மற்றொன்றின் தோல்வியாகும் இந்த முரண், கதிர் மின்சாரத்துக்கான உயரழுத்தக் கம்பிகள் வந்தபோது உச்ச நீதிமன்றம் வரை போனது. கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுசெல்ல 2021இல் இட்ட உத்தரவை 2024இல் நீதிமன்றமே தளர்த்தியது. பருவநிலை இலக்கும் பல்லுயிர் இலக்கும் ஒரே கம்பியில் மோதியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இன்னொன்று, வேலிக்குள் இருந்தவர்கள். புலிக் காப்பகங்களின் மையப் பகுதிகளிலிருந்து 591 ஊர்களை, ஏறத்தாழ 64,800 குடும்பங்களை இடம்பெயர்ப்பதை விரைவுபடுத்துமாறு தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் மாநிலங்களுக்கு எழுதியது. இடப்பெயர்ச்சி விருப்பத்தின் பேரில் மட்டுமே நடக்க வேண்டும் என்பது சட்டம். காட்டுக்குள் சாலையும் பள்ளியும் மறுக்கப்பட்ட ஒருவரின் விருப்பம் எந்த அளவுக்கு விருப்பம் என்பது விவாதத்துக்குரியது.

பயன்படுத்துவோரே காப்போர்

1980களிலிருந்து வலுப்பெற்ற இரண்டாவது நிலைப்பாடு, காட்டோடு வாழ்வோரின் பயன்பாட்டையே பாதுகாப்பின் அடிப்படையாகக் கொள்கிறது. சூழலியலாளர் மாதவ் காட்கில் முன்வைத்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இதன் முக்கியக் கருவி. எந்த மீன் எந்த மடையில் குறைந்தது, எந்த மூலிகை எவர் எடுத்ததால் போயிற்று என்பதை ஊராரே எழுதி, அதன்மேல் ஊரே முடிவெடுப்பது அதன் கருத்து. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் அதை ஏற்று, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்றது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், காட்டை நிர்வகிக்கும் உரிமையைக் கிராம சபைக்குத் தந்தது. 2013இல் நியமகிரி மலை வழக்கில் டோங்ரியா கோந்த் பழங்குடி மக்களின் கிராம சபைகளே பாக்சைட் சுரங்கம் பற்றி முடிவெடுக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதற்கு இச்சட்டமே ஆதாரம். பன்னிரண்டு சபைகளும் மறுத்தன.

இந்த நிலைப்பாட்டின் மிகச் சிக்கலான சோதனைக்களம் கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலை. அங்குள்ள சோளகர்கள் 2011இல் ஒரு புலிக் காப்பகத்துக்குள்ளேயே சமூக வன உரிமை பெற்றார்கள். கோடையின் தொடக்கத்தில் தரைப்புல்லுக்குத் தீ வைக்கும் தங்கள் வழக்கத்தை வனத்துறை தடுத்த பிறகுதான் அயல் இனமான உண்ணிச்செடி காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம். 1997க்கும் 2008க்கும் இடையில் அங்கே உண்ணிச்செடி பன்மடங்கு பெருகியதைக் கள ஆய்வுகள் காட்டின. தீயை நிறுத்தியதுதான் காரணமா என்பதில் சூழலியலாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. எனினும் தீயை வெறும் அழிவாகவே கண்ட வனத்துறையின் பார்வைக்கு எதிராக ஒரு சோதிக்கத்தக்க கருத்தைச் சோளகர்கள் வைத்திருக்கிறார்கள். தேசிய இலக்குகளில் அயல் உயிரினக் கட்டுப்பாட்டுக்குத் தனி இடம் உண்டு. அதை அடைய இப்படிப்பட்ட உள்ளூர் அறிவை எந்தப் படிவத்தில் நிரப்புவது என்பது மட்டும் தெளிவாகவில்லை.

மன்னார் வளைகுடாவில் கடல் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறது. 1986இல் 21 தீவுகளைச் சுற்றி அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்கா, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளைப் பறித்து வாழும் ராமநாதபுரம் கரையோரப் பெண்களைச் சட்டத்தின் பார்வையில் அத்துமீறுவோராக்கியது. அவர்களோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் எடுப்பது, இரும்புக் கருவியை விட்டுக் கையால் பறிப்பது என்று தமக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். 'வளம் குன்றாப் பயன்பாடு' என்று அறிக்கைகள் எழுதுவது ஏறக்குறைய இதைத்தான். பூங்காவின் சட்டத்தில் அதற்கு ஒரு பெயர் இல்லை.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம், 'சமூகம்' என்பதை ஒரே மனம் கொண்டதாகக் கருதிவிடுவது. ஊருக்குள் சாதி உண்டு, நிலமுள்ளவர் இல்லாதவர் உண்டு, சந்தை உண்டு. கொல்லிமலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளை மரவள்ளி பிடித்துக்கொண்டதற்கு வனத்துறை காரணமல்ல. சேலத்துச் சவ்வரிசி ஆலைகள் தந்த விலையும் நியாயவிலைக் கடை அரிசியும் சேர்ந்து செய்த மாற்றம் அது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியத்தை மீட்க விதை வங்கியோடு உமி நீக்கும் இயந்திரத்தையும் கொண்டுபோக வேண்டியிருந்தது. பெண்களின் உலக்கை வேலையைக் குறைக்காமல் பாரம்பரியத்தை மீட்கச் சொல்வது எளிது. ஆனால் தானியத்தைக் குத்துகிறவர்கள் அதை ஏற்க வேண்டும்.

சட்டம் காகிதத்தில் நிறைவேறியதன் கதையும் இங்கேதான் வருகிறது. 2016இல் நாடு முழுவதும் பத்தாயிரத்துக்கும் குறைவான மேலாண்மைக் குழுக்களே இருந்தன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கெடு விதித்து, தவறும் மாநிலங்களுக்கு மாதம் 10 லட்ச ரூபாய் அபராதம் என்றதும், 2020 தொடக்கத்தில் அந்த எண்ணிக்கை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. ஒரு ஊரின் உயிர்களை ஊரார் பல பருவங்கள் பார்த்து எழுத வேண்டிய பதிவேடு, பல இடங்களில் ஒப்பந்தக்காரர் ஒரே மாதிரி நிரப்பித் தரும் ஆவணமாயிற்று என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. எண்ணிக்கை நிறைவேறியது. காட்கில் கேட்டது எண்ணிக்கையை அல்ல.

பகிர்வு என்னும் வாக்குறுதி

மூன்றாவது விடை, இயற்கைக்கு விலை கிடைத்தால் அதைக் காக்கக் காரணமும் கிடைக்கும் என்பது. அமெரிக்காவில் மஞ்சளுக்கு 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமை 1997இல் ரத்தான பரபரப்பின் நடுவே இந்தியாவில் இக்கருத்து வேரூன்றியது. 1987இல் அகத்தியமலையில் காணிப் பழங்குடியினர் அறிவியலாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானதும், உரிமத்தொகையில் பாதியைக் காணி மக்களின் அறக்கட்டளைக்குத் தருவதாகத் திருவனந்தபுரத்துத் தாவர ஆய்வு நிறுவனம் ஒப்புக்கொண்டதும் உலகம் முழுவதும் முன்மாதிரியாகக் காட்டப்பட்டன. அந்த முன்மாதிரி வனத்துறையிடம் இடறியது. செடியை வளர்த்து விற்க அனுமதித்தால் காட்டில் உள்ளதையும் பறித்துவிடுவார்கள் என்று துறை அஞ்சியது. இலை இல்லாமல் மருந்து இல்லை, மருந்து இல்லாமல் பங்கும் இல்லை. காத்தலும் பகிர்தலும் ஒரே உடன்படிக்கையின் இரு நோக்கங்கள் என்பதை அரசின் இரு கைகள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளவில்லை.

சென்னை தரமணியிலிருந்து இயங்கும் தேசிய பல்லுயிர் ஆணையம் பின்னர் வசூலித்த பகிர்வுத் தொகைகளில் ஒன்று, பெப்சி நிறுவனம் ஏற்றுமதி செய்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசிக்கானது. அந்தப் பாசி வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட இனம். குருசடைத் தீவருகே பவளத்தின் மேல் அது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பல்லுயிரின் பெயரால் கிடைத்த பணம், பல்லுயிருக்கு அச்சமூட்டிய உயிரிலிருந்து வந்தது.

இந்திய நிறுவனங்களும் பயனைப் பகிர வேண்டும் என்று 2018 டிசம்பரில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் வீச்சை 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கணிசமாகச் சுருக்கியது. நூல்களில் தொகுக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கு விலக்கு கிடைத்தது. சிறைத்தண்டனை நீங்கி அபராதம் வந்தது. ஆயுஷ் துறைக்கும் விதை வணிகத்துக்கும் இருந்த தேவையற்ற தடைகள் அகன்றன என்று ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். நூலில் எழுதப்பட்ட அறிவும் ஒரு காலத்தில் யாரோ ஒரு வைத்தியரின், ஒரு பழங்குடியின் அறிவுதான் என்பது எதிர்வாதம். இரண்டில் எதிர்வாதமே உடன்படிக்கையின் மூன்றாம் நோக்கத்துக்கு நெருக்கமாகத் தெரிகிறது.

வெளிவராத ஒரு திட்டம்

இந்த மூன்று விடைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த முயற்சி ஒன்று உண்டு. 2000ஆம் ஆண்டில் மத்திய அரசு, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் வழியே கிடைத்த நிதியோடு, தேசியத் திட்டத்தை வரையும் பணியின் ஒருங்கிணைப்பைக் கல்பவிருக்ஷ் என்ற தன்னார்வக் குழுவிடம் ஒப்படைத்தது. எழுபதுக்கும் மேற்பட்ட உள்ளூர், மாநில, துறைவாரித் திட்டங்கள் கீழிருந்து எழுதப்பட்டன. தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் தலித் பெண் விவசாயிகள் மாட்டுவண்டிகளில் விதைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய், திருவிழாவாகத் தம் பகுதியின் திட்டத்தை வகுத்தார்கள்.

இறுதி வரைவு அமைச்சகத்தின் கைக்குப் போன பின் அரசின் ஆவணமாக வெளிவரவில்லை. குழுவினர் அதை 2005இல் தாமே வெளியிட்டார்கள். 2008இல் அரசு தன் சுருக்கமான செயல்திட்டத்தைத் தனியே கொண்டுவந்தது. அத்தனை பெரிய கலந்தாய்வு நடைமுறைக்கு ஒத்துவராது என்று வாதிடலாம். அந்த வரைவின் நீளமும் விரிவும் அந்த வாதத்துக்கு வலுச்சேர்க்கக்கூடும். ஆனால் வளர்ச்சிப் பாதையையே கேள்விக்குட்படுத்திய பகுதிகள்தான் அரசுக்கு நெருடலாக இருந்தன என்று அதில் பங்கேற்றோர் நம்புகிறார்கள். அதற்குப் பிறகு வந்த எந்தத் தேசியப் பட்டியலும் அந்த அளவுக்கு ஊர்களில் எழுதப்பட்டதல்ல.

அரிட்டாபட்டியில் எந்த இலக்கு வென்றது?

சுற்றுச்சூழல் அமைச்சகம் இலக்கு வைக்கிறது, சுரங்கமும் மின்சாரமும் உரமும் வேறு அமைச்சகங்களில் இருக்கின்றன. இதையே முழுத் தோல்விக்கும் அடிப்படையாகக் காணும் நிலைப்பாடு அண்மையில் வலுத்துவருகிறது. மாண்ட்ரியல் சட்டகத்தின் 18ஆவது இலக்கு, இயற்கைக்குக் கேடான மானியங்களை உலகளவில் 2030க்குள் ஆண்டுக்கு 50,000 கோடி டாலராவது குறைக்கச் சொல்வது இந்த வாதத்தின் பலன்.

தமிழ்நாட்டில் இதற்குச் சான்று மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரம். ஏழு குன்றுகளும் ஏரிகளும் ஊற்றுகளும் சூழ்ந்த அரிட்டாபட்டி, லகர் வல்லூறு முதலான வேட்டைப் பறவைகளின் வாழிடம். சமணப் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் பாண்டியர் குடைவரையும் உள்ள ஊர். 2022 நவம்பரில் 193 ஹெக்டேர் பரப்பு மாநிலத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. தேசிய இலக்குக் கணக்கில் இது ஒரு வெற்றி. சரியாக இரண்டு ஆண்டு கழித்து, 2024 நவம்பரில், அந்தத் தலத்தையும் உள்ளடக்கிய சுமார் 2,000 ஹெக்டேர் டங்ஸ்டன் தொகுதியை மத்தியச் சுரங்க அமைச்சகம் ஏலத்தில் இந்துஸ்தான் சிங்க் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. பல்லுயிர்ச் சட்டத்தின் பாரம்பரியத் தலப் பிரிவில் சுரங்கத்தை வெளிப்படையாகத் தடுக்கும் வாசகம் இல்லை.

எதிர்ப்பு எழுந்ததும் மத்திய அரசு, பாரம்பரியத் தலத்தை மட்டும் விலக்கித் தொகுதியின் எல்லையை மறுபரிசீலிக்கலாம் என்றது. அறிக்கையின் கணக்குப்படி அது போதுமான தீர்வு: 193 ஹெக்டேர் பத்திரம். சுற்றியிருந்த ஊர்கள் அதை ஏற்கவில்லை. குன்றிலிருந்து இறங்கும் நீர் கீழுள்ள கண்மாய்களுக்குப் போகிறது. குன்றை மட்டும் வெட்டித் தனியே காக்க முடியாது. சட்டமன்றம் டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி தொடக்கத்தில் மக்கள் மதுரையை நோக்கி நடந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் முழுதாக ரத்தானது.

நிலத்தைக் காத்தது இலக்கா, மக்களின் மறுப்பா? பாரம்பரியத் தல அறிவிப்பு இல்லாமலிருந்தால் போராட்டத்துக்கு ஒரு சட்டப் பிடி கிடைத்திருக்காது என்பதையும் மறுக்கக் கூடாது. அறிவிப்பு தேவைப்பட்டது, அது போதவில்லை என்பதே இப்போதைக்குச் சொல்லக்கூடியது.

இன்னும் முடியாதவை

தனித்தனியே எடுத்தால் மூன்று பழைய விடைகளுக்கும் சான்று உண்டு: புலி, நியமகிரி, ஜீவனியின் முதல் சில ஆண்டுகள். ஒவ்வொன்றும் மற்றதன் எல்லையில் இடறுகிறது. பரப்பும் குழு எண்ணிக்கையும் அளக்க எளிதானவை என்பதால் இலக்குகள் அவற்றின் பக்கமே சாய்கின்றன என்பது இக்கட்டுரையின் கணிப்பு. அளக்காமல் இருந்துவிடலாம் என்று இதற்குப் பொருளல்ல. எண் இல்லாத 1999ஆம் ஆண்டுத் தேசியப் பல்லுயிர்க் கொள்கையை இன்று நினைவில் வைத்திருப்போர் சிலரே.

2024ஆம் ஆண்டுத் திட்டத்தின் 30 சதவீதத்தை இந்தியா எப்படி நிரப்பும் என்பது முதல் கேள்வி. பூங்கா அல்லாத, ஆனால் பாதுகாப்புப் பலன் தரும் பிற நிலங்களைக் கணக்கில் சேர்க்க உலகச் சட்டகம் இடமளிக்கிறது. கோயிற்காடுகள், சமூகக் காடுகள், தனியார் நிலங்கள் எல்லாம் அதற்குள் வரலாம். அந்நிலங்களின் மக்களைக் கேட்டு, அவர்கள் இசைந்த பின் அவை சேர்க்கப்படுமா, வரைபடத்தில் வண்ணம் மாறுவதோடு முடியுமா என்பதற்கு இதுவரையிலான அனுபவம் இரு பக்கமும் சான்று தருகிறது. சேர்த்த நிலத்தில் வேறொரு அமைச்சகம் ஏலம் விடும்போது எது மேலோங்கும் என்பது இரண்டாவது. இதற்கு அரிட்டாபட்டியில் கிடைத்த விடை அரசியல் விடை. சட்டத்தின் விடை இன்னும் எழுதப்படவில்லை. விளைநிலத்தின் நெல்லும் சிறுதானியமும் காட்டுப் பரப்புக்கு நிகரான எடை பெறுமா என்பது மூன்றாவது. உர மானியமும் கொள்முதல் கொள்கையும் தொடப்படாத வரை இதில் பெரிய நகர்வை எதிர்பார்ப்பது கடினம்.

நாடுகள் 2026இலும் 2029இலும் தம் முன்னேற்றத்தை அறிக்கையாகத் தர வேண்டும். 2018இல் 20 சதவீதத்துக்குள் என்னென்ன வகை நிலங்கள் வந்தன, அவற்றில் உயிர்களின் நிலை கூடியதா குறைந்ததா என்ற பிரிவு வாரிக் கணக்கை இந்தியா அந்த அறிக்கைகளில் தருமானால், அடுத்த எண்ணைப் பற்றிய விவாதமாவது தெளிவான தரையில் நடக்கும்.